கிரிஃபித்: ஆரஞ்சு, அரிசி, கொஞ்சம் கொள்ளை

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன், அப்போதுதான் ஊரைப் பற்றி நிம்மதியாக எழுத முடியும். சிட்னியிலிருந்து கிரிஃபித் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். நேரடி ரயில் எல்லா நாளும் கிடையாது, நாங்கள் கிளம்பிய நாளில் இல்லை, அதனால் பாதி தூரம் ரயில், மீதிக்குப் பேருந்து. அந்தப் பேருந்தில் ஏசியை யார் எதற்காக அப்படி வைத்தார்களோ தெரியாது, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழிப்பறைக் கதவில் பழுது என்று ஒரு தாள். வெளியே கோதுமை, கனோலா, மறுபடி கோதுமை. கூட வந்த நண்பன் மணிக்கொரு முறை "ஏன்டா, வழியில ஒரு டீக்கடைகூடவா இருக்காது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இருந்தது, ஆனால் பேருந்து அங்கே நிற்கவில்லை.

இறங்கியதும் டாக்சி. மீட்டர் போடச் சொன்னால், விழா வாரம், மொத்தமாக 25 டாலர் என்றார். பையைத் தூக்கிவிட்டோம், இருட்டிவிட்டது, சரி என்று ஏறினோம். மறுநாள் காலை அதே தூரத்தைக் கால் மணி நேரத்தில் நடந்து கடந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. மோட்டலும் சளைத்ததல்ல. சுவர் அவ்வளவு மெல்லிசு, பக்கத்து அறைக்காரர் குறட்டையை நிறுத்தித் திரும்பிப் படுப்பதுகூடக் கேட்டது. விழா வாரமாம், அதற்கு 190 டாலர்.

சரி, கோபம் முடிந்தது. என்ன விழா என்று சொல்ல வேண்டும்.

அக்டோபரில் இந்த ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தாலும் கிரேப்ஃப்ரூட்டாலும் சிலை செய்கிறார்கள். ஊரின் பெரிய வீதி பான்னா அவென்யூ. அதன் நடுவே ஓடும் புல்வெளித் திட்டில் வரிசையாக டிராக்டர், விலங்கு, விமானம் என்று ஆளுயரத்துக்கும் மேலே நிற்கின்றன. இரும்புச் சட்டத்தில் கம்பிவலை கட்டி, ஒவ்வொரு பழத்தையும் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டுகிறார்கள். மொத்தம் ஒரு லட்சம் பழத்துக்கு மேல். யாருக்கும் கூலி இல்லை. பள்ளிப் பிள்ளைகள், சங்கங்கள், கடைக்காரர்கள் எல்லாரும் வந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். படத்தில் பார்த்தபோது சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் தோன்றியது. நேரில் வெயில் ஏறும்போது அந்தத் தெரு முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது பாருங்கள், டாக்சிக்காரரை அங்கேயே பாதி மன்னித்துவிட்டேன். பாதிதான்.

ஆனால் எனக்கு இந்த ஊரில் பிடித்தது ஆரஞ்சு இல்லை, வாய்க்கால். கடைவீதிக்குப் பக்கத்திலேயே, ஊருக்கு நடுவே, கரை நிறையத் தண்ணீர் ஓடுகிறது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்யும் இடம் இது. இயற்கையாக விட்டிருந்தால் ஆடு மேய்க்கலாம், ஓரளவு கோதுமை போடலாம், அவ்வளவுதான். மர்ரம்பிஜி ஆற்றில் ரொம்பத் தூரத்துக்கு மேலே பர்ரிஞ்சக் என்ற இடத்தில் அணை கட்டி, பெரெம்பெட் தடுப்பணையில் தண்ணீரைத் திருப்பி, கால்வாய் வெட்டி இங்கே கொண்டுவந்தார்கள். 1912-ல் பாசனப் பகுதிக்குத் தண்ணீர் திறந்தாயிற்று. அதற்கு முன்பே சாமுவேல் மெக்கோகி என்ற பெரும் பண்ணையார் தன் சொந்தக் காசில் 300 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டி, இந்த மண்ணில் பாசனம் நடக்கும் என்று காட்டியிருந்தார். அரசு அதைப் பார்த்துத்தான் துணிந்தது.

கால்வாய் வெட்டிய கூலிக்காரர்கள் தங்கியது பேக்டவுன் என்ற முகாமில். சிமெண்ட் சாக்கையும் கோணியையும் தைத்து வீடு என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முறையான ஊர் 1916-ல்தான் வந்தது. வரைபடம் போட்டவர் வால்டர் பர்லி கிரிஃபின், கான்பெர்ராவை வடிவமைத்த அதே ஆள். ஆனால் ஊருக்குப் பெயர் அவருடையது இல்லை, மாநிலப் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஆர்தர் கிரிஃபித்தின் பெயர். வரைந்தவரை விட்டுவிட்டு அமைச்சர் பெயரை வைப்பது எங்கும் நடப்பதுதான் போல. தெருக்கள் வட்டம் வட்டமாகப் போகின்றன. காகிதத்தில் அழகு, நடந்து போகிறவனுக்குத் தலைசுற்றல். நேராகப் போனால் மோட்டல் வரும் என்று நம்பி நடந்தால் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது.

இன்னொரு விஷயம், இங்கே பண்ணைகளுக்கு எண்தான் முகவரி. அரசு நிலத்தை அளந்து பிரித்தபோது போட்ட எண் நூறு வருடம் கழித்தும் கேட் பலகையில் நிற்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குத்தான் பல நிலங்களைக் கொடுத்தார்கள். விவசாயம் தெரியாதவர்கள் நிறைய, நிலமும் சின்னது, கடன் ஏறியது, பலர் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிலங்களை ஒவ்வொன்றாக எடுத்தவர்கள் இத்தாலியர்கள். புரோக்கன் ஹில் சுரங்கங்களிலிருந்து முதல் ஆட்கள் வந்தார்கள், வேலை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியனுப்ப, இத்தாலியின் வெனெட்டோ, கலாப்ரியா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். இன்றைக்குக் கடைப் பலகைகளைப் படித்தாலே போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே உள்ள கிளப் ஒன்றில் இரவுச் சாப்பாடு. நான் ஆஸ்திரேலியக் கிராமத்துக் கிளப் சாப்பாட்டை மதிக்கிறவன் இல்லை, எங்கே போனாலும் அதே வறுத்த கோழி, அதே உருளைக்கிழங்கு. இங்கே வந்த பாஸ்தாவில் சாஸ் தக்காளியாக இருந்தது, அதாவது உண்மையான தக்காளி, புளிப்பும் இனிப்பும் சேர்ந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து. தட்டில் மீதம் இருந்ததை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டோம். விலை சிட்னியில் பாதி. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்து, தானாகவே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார். வெனெட்டோக்காரர் மகன், வயது எண்பதுக்கு மேல். கோடையில் ஒரு நாள் குடும்பமே கூடித் தக்காளி அரைத்து, வருடம் முழுக்க வேண்டிய சாஸைப் பாட்டிலில் அடைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதாம். அதற்காகவே பல வீடுகளில் இரண்டாவது சமையலறை உண்டு, முன்னால் இருப்பது விருந்தாளிக்குக் காட்ட, பின்னால் கராஜில் இருப்பதுதான் சமைக்க. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிர்நாடாக ஆனதும் அவர் அப்பாவின் ரேடியோவைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டதையும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல ரேடியோ என்று மட்டும் சொன்னார்.

நண்பன் சும்மா இல்லாமல் மாஃபியாவைப் பற்றிக் கேட்டுவிட்டான். பெரியவர் முகம் சுருங்கியது. கிரிஃபித் என்றாலே வெளியூர்க்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். டொனால்ட் மெக்கே என்ற மரச்சாமான் கடைக்காரர் இங்கே நடந்த கஞ்சா சாகுபடியை எதிர்த்துப் பேசியவர். 1977 ஜூலை 15 அன்று ஓர் ஓட்டலின் கார் நிறுத்துமிடத்திலிருந்து காணாமல் போனார், உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அரசு விசாரணை ஆணையம் வரைக்கும் போனது விவகாரம். சில பேர் செய்ததற்கு ஊர் முழுக்க, அதிலும் கலாப்ரியாக்காரர்கள், பல வருடம் தலைகுனிந்து நடந்தோம் என்றார் பெரியவர். போகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

அவர் செய்த பெரிய உபகாரம், மறுநாள் தன் மருமகனோடு எங்களை நெல் வயலுக்கு அனுப்பியது. இந்தப் பக்கத்தில் 1920-களிலிருந்து நெல் போடுகிறார்கள். சிட்னியில் நான் வாங்கும் சன்ரைஸ் அரிசி மூட்டையின் கம்பெனிக்குப் பக்கத்து ஊர் லீட்டன்தான் தலைமையிடம். லேசர் வைத்துச் சமப்படுத்திய நிலம், பாத்தி ஒவ்வொன்றும் கண்ணுக்கெட்டிய தூரம். தண்ணீர் கட்டிய பிறகு முளைகட்டிய விதையை ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து தூவிவிட்டுப் போகிறது. நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை, குனிகிற முதுகு இல்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன், வீடியோ எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ஹெக்டேருக்குப் பத்து டன் அளவுக்கு விளையும் என்றார்கள். அந்த வயல்களில் பிட்டர்ன் என்ற அபூர்வமான நாரை இனம் ஒன்று கூடு கட்டுகிறதாம், ராத்திரியில் அது உறுமுவது மாடு கத்துவது மாதிரி இருக்குமாம்.

ஆனால் இங்கே நிலம் இருந்தால் தண்ணீரும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தண்ணீர் உரிமை தனிச் சொத்து, நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்கலாம். வறட்சியில் விலை ஏறிவிட்டால் சிலர் நெல்லே போடாமல் தண்ணீரை விற்றுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த ஆண்டுகள் உண்டு, பெரும் வறட்சியின்போது 2008 அறுவடை இருபதாயிரம் டன்னைக்கூடத் தொடவில்லை. 2010-ல் மர்ரம்பிஜியும் சேர்ந்த மர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகைக்கான திட்ட அறிக்கை, பாசனத்தைக் குறைத்து ஆற்றுக்குத் தண்ணீர் விடச் சொன்னபோது, இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் திரண்டு அறிக்கைப் பிரதிகளைக் கொளுத்தினார்கள். ஆற்றின் கடைக்கோடியில் இருப்பவனுக்கும் தண்ணீர் வேண்டும்தானே என்று நான் கேட்டேன். மருமகன் பதில் சொல்லாமல் மதகைக் காட்டி, "இது திறக்காவிட்டால் ஊரில் பள்ளிக்கூடமும் திறக்காது" என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவனுக்கு அப்படித்தான் தெரியும்.

ஊருக்குப் பின்னால் ஸீனிக் ஹில். அதன் சரிவில் ஒரு துறவியின் குகை இருக்கிறது, கட்டணம் இல்லை, கட்டாயம் போங்கள். வலேரியோ ரிசெட்டி என்ற இத்தாலியர் 1914-ல் ஆஸ்திரேலியா வந்தவர், காதல் தோல்வி என்கிறார்கள், ஊர் ஊராக அலைந்து 1929-ல் மழைக்கு இந்தப் பாறையில் ஒதுங்கியவர் அப்படியே தங்கிவிட்டார். தனி ஆளாக, பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல், கல் சுவர், படி, பாலம், தோட்டம், தொட்டி, ஒரு சின்ன வழிபாட்டு அறை எல்லாம் கட்டியிருக்கிறார், குன்றின் ஓரமாக ஒரு கிலோமீட்டருக்கு நீளுகிறது. போர்க்காலத்தில் உளவாளி என்று சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1952-ல் இத்தாலிக்குத் திரும்பியவர் சில மாதங்களிலேயே இறந்துபோனார். நாங்கள் போனபோது யாருமே இல்லை. சிட்னியில் இதை வைத்திருந்தால் 40 டாலர் டிக்கெட் போட்டுப் பரிசுக்கடையும் திறந்திருப்பார்கள்.

பயனியர் பார்க் அருங்காட்சியகத்துக்கும் போனோம், பழைய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இத்தாலியர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இது விராஜுரி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நிலம். டார்லிங்டன் பாயிண்ட் என்ற ஊரில் அவர்கள் இருந்த வாரங்கெஸ்டா மிஷன் குடியிருப்பு மூடப்பட்ட பிறகு அந்தக் குடும்பங்கள் பழம் பறிக்கும் வேலை தேடி இங்கே வந்து, ஊருக்கு வெளியே த்ரீ வேஸ் என்ற இடத்தில் தங்கின. ஊரின் பெருமைக் கதையில் குடியேறியவர்களுக்குக் கிடைக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது ரொம்பக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குருத்வாரா. பஞ்சாபிகள் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறார்கள், பழம் பறிக்க வந்து இப்போது சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர்களும் உண்டு. யார், என்ன என்று ஒரு கேள்வி இல்லை, தட்டைக் கையில் கொடுத்தார்கள். ரொட்டி, பருப்பு, பாயசம் மாதிரி ஒன்று. நண்பன் மூன்றாம் முறை பருப்பு வாங்கியபோது பரிமாறிய அம்மாள் "இன்னும் போடு" என்று பக்கத்திலிருந்த பையனிடம் கைகாட்டினார். ஜூன் நீண்ட வார இறுதியில் சீக்கிய விளையாட்டுப் போட்டி நடக்குமாம், கபடி உண்டு, வருகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் சாப்பாடு இலவசம்.

செலவு விவரம் எழுதுகிறேன் என்று நண்பனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. சுருக்கமாக: அறைதான் பெரிய செலவு, சாப்பாடு மலிவு, பார்க்கிற இடங்களில் பாதிக்குக் காசே இல்லை. பெர்டோல்டோஸ் பேக்கரியில் கன்னோலி என்ற இத்தாலிய இனிப்பு வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்த முடியாது. ஈ அதிகம். வயல் பக்கம் போகக் கார் இல்லாமல் முடியாது, நான்கு பேராகச் சேர்ந்து சிட்னியிலிருந்தே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். நாங்கள் ஜூனுக்கு அப்படித்தான் போகப் போகிறோம், காரில் இன்னும் ஓர் இடம் காலி, பெட்ரோல் காசு பங்கு, கபடி தெரிந்தவருக்கு முன்னுரிமை.