தரையில் விழாத ஆரஞ்சு

தோளில் வந்து மோதிய ஆரஞ்சுப் பழத்தை, விளையாட்டு என்று எண்ணித் திருப்பி எறிவதற்காக நான் ஓங்கிய கையைப் பக்கத்து வீட்டு மூதாட்டி இறுகப் பற்றிக்கொண்டார். அதுவரை எங்களுக்குள் காலை வணக்கத்துக்கு மேல் பேச்சு நடந்ததில்லை. "அது உங்களுக்குத் தந்த பழம். தந்தவர் மேலேயே எறிவது பெரிய அவமதிப்பு" என்றார். அவர் தடுத்ததைவிட, எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை வேறொருவர் சொல்லிக்கொடுக்க நேர்ந்ததுதான் என்னைத் தைத்தது. வத்தலக்குண்டுப் பக்கத்தில் பிறந்து, சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறை விடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நேர்த்திக்கடன் செலுத்துவோர் கூடை கூடையாக வீசும் பழத்தை முந்தானை விரித்துப் பிடித்தவர்களில் எவராவது திருப்பி எறிந்ததுண்டா?

பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதியில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள இடைக்காலக் கோட்டைமதிலை இன்றும் இடுப்பில் சுற்றியிருக்கும் சிற்றூர் பேன்ஷ்; நான் இப்போது வாழ்வது இங்கேதான். கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையன்று, திருவிழாவுக்காக இவ்வூர் ஆண்கள் 'ஜீல்' வேடம் பூணுகிறார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, முறுக்கிய வைக்கோலை உடைக்குள் மார்பிலும் முதுகிலும் திணித்துக்கொண்டு, இடுப்பில் மணிகள் கோத்த கச்சையும் காலில் மரக்கட்டைச் செருப்புமாக அவர்கள் வாசலில் வந்து நிற்க, முரசுக்காரர் வீடு வீடாக வந்து ஒவ்வொருவரையும் அழைத்துச் செல்கிறார். முரசு இல்லாமல் ஜீல் தெருவில் நடப்பதில்லை. காலையில் பச்சைக் கண்ணாடி வரைந்த மெழுகு முகமூடியும் கையில் குச்சிக் கட்டுமாக ஆடுபவர்கள், பிற்பகலில் தீக்கோழி இறகுகள் செறிந்த பெருந்தொப்பியைச் சூடி, கூடையிலிருந்து ஆரஞ்சுகளை வழங்கிக்கொண்டே நகர மன்றச் சதுக்கத்தை நோக்கி நகர்கிறார்கள். வழியெங்கும் வீட்டுச் சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்திருப்பார்கள். அந்த வலையை முதன்முதலில் கண்டபோது கலவரம் வரப்போகிறதோ என்று அஞ்சினேன். பழங்களுக்காக என்று தெரிந்ததும் நெடுநேரம் சிரித்தேன்.

ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் தங்கை ஹங்கேரி மேரி, 1549இல் தம் அண்ணனுக்காக இங்கே நடத்திய பெருவிருந்தில் தென்னமெரிக்க இன்கா மக்களைப் போல வேடமிட்டோரிடமிருந்து ஜீல் பிறந்ததாக ஒரு கதை உண்டு. அந்த விருந்து உண்மை; ஐந்தே ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை எரித்த அவருடைய அரண்மனையின் இடிபாடுகளும் உண்மை. இன்காக் கதை மட்டும் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர் ஒருவரின் கற்பனை. யுனெஸ்கோ 2003இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்த இத்திருவிழாவுக்கு அந்த அலங்காரக் கதை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

என் மனத்தில் ஆழப் பதிந்தது ஒரு விதி. ஜீல் வேடமிட்டவர் பேன்ஷை விட்டு வெளியே செல்லலாகாது. வேறெந்த நகரம் எவ்வளவு மரியாதையோடு அழைத்தாலும் அந்த உடை மதில் சூழ்ந்த இவ்வூரின் எல்லையைத் தாண்டாது. மூதாட்டி இதைப் பெருமையோடு சொன்னபோது நான் தலையசைத்தேன். ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர்களுடைய திருவிழா ஊரோடு இருக்கிறது, ஊராரும் ஊரோடு இருக்கிறார்கள். எங்கள் சூறையும் ஊரை விட்டு நகராதது; நகர்ந்தவள் நான்தான். எனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனைக்கூட, வேலை கிடைத்து நான் விமானம் ஏறிய பிறகு அம்மாதான் தனியாகப் போய்ச் செலுத்தினாள்.

நான்கு ஆண்டுகளில் இவ்வூர் எனக்குப் பழகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே எடுத்துத் தருகிறார். குளிருக்கு எத்தனை அடுக்கு உடுத்த வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் திருவிழாவுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை முரசு தொடங்கிவிடும்போது, சமையலறையில் நிற்கும் என் கால்கள் உறுமிச் சத்தத்தைத் தேடுகின்றன. நசுங்கிய வாழைப்பழமும் புழுதியும் கலந்த மணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அப்போது அடுப்பில் இருப்பது அடிப்பிடித்தாலும் தெரிவதில்லை.

அன்றிரவு சதுக்கத்தில் வாணவேடிக்கை முடிந்து திரும்பியபின், ஆரஞ்சைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. முகமூடி, இறகுத் தொப்பி, மதில் எல்லாவற்றையும் நான் விவரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பழத்தைக் கையில ஏந்துனியாத்தா, தரையில விட்டுட்டியா?"

"தோளில் பட்டது அம்மா, உடனே பிடித்துவிட்டேன்" என்றேன்.

"அப்போ சரி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சுளை குடு" என்றாள்.