நானோ அளவில் கதிர்வீச்சின் விளைவுகள்: தகுதித் தேர்வுக்கு நான் படித்த முறை

முனைவர் பட்ட ஆய்வுக்கான தகுதித் தேர்வில் நான் எடுத்துக்கொண்ட சிறப்புப் பாடம், நானோ அளவுப் பொருள்களிலும் மூலக்கூறு அமைப்புகளிலும் கதிர்வீச்சு ஏற்படுத்தும் மாற்றங்கள். இந்தப் பாடம் எந்த ஒரு துறைக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. திண்மநிலை இயற்பியலார் இதைப் படிகக் குறைபாடுகளில் இருந்து தொடங்குவார்கள். வேதியியலார் நீர் மூலக்கூறு சிதைவதிலிருந்து தொடங்குவார்கள். மருத்துவ இயற்பியலாருக்கு டி.என்.ஏ. இழை அறுபடுவதே முதல் அத்தியாயம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேலை செய்பவருக்கோ, பார்க்கும்போதே மாதிரி கெட்டுப்போகிறதே என்ற தொல்லைதான் இந்தப் பாடம். வாய்மொழித் தேர்வில் இவர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடும் என்பதால், நான்கு பாடங்களாகப் படிக்காமல் ஒரே பாடமாகப் படிக்க வழி தேட வேண்டியிருந்தது.

எனக்குக் கைகொடுத்த வழி, பொருளிலிருந்து தொடங்காமல் ஆற்றலிலிருந்து தொடங்குவது. உள்ளே வந்த துகள் எவ்வளவு ஆற்றலைக் கொண்டுவந்தது, அதை யாரிடம் கொடுத்தது, எலக்ட்ரானிடமா அணுக்கருவிடமா, வாங்கியவர் அதை எவ்வளவு நேரத்துக்குள் யாருக்குக் கைமாற்றினார் என்ற கேள்விகளை கிராஃபீனுக்கும் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தளம்) புரதத்துக்கும் எஃகுக்கும் ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டே போனால், தனித்தனியாகத் தெரிந்த தகவல்கள் ஒரு சங்கிலியில் கோத்துக்கொள்கின்றன.

முதலில் கால வரிசையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அயனியாக்கமும் (எலக்ட்ரான் பிய்த்தெறியப்படுவது) கிளர்வும் (எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்குத் தாவுவது) ஃபெம்டோ விநாடி அளவில் முடிந்துவிடுகின்றன. ஒரு பிகோ விநாடிக்குள் கிளர்ந்த மூலக்கூறுகள் உடைகின்றன, வேகம் இழந்த எலக்ட்ரான்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் திரும்பி அமைகின்றன. அதன்பின் மைக்ரோ விநாடி வரை தனி உறுப்புகள் (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பரவி ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. உயிரணுவில் அதன் பலன் தெரிய மணிக்கணக்கிலிருந்து ஆண்டுக்கணக்கு வரை ஆகலாம். எந்தக் கேள்வி வந்தாலும் அது இந்த வரிசையில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிட்டால், பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

அடுத்ததாக, கதிர்வீச்சு ஏற்பளவு என்ற கருத்தில் நீண்ட நேரம் செலவிடச் சொல்வேன், ஏனெனில் பெரும்பாலானோர் அதை ஒரு வரையறையாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். 1 கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருளில் 1 ஜூல் ஆற்றல். மனித உடல் முழுவதும் ஏறத்தாழ 4 கிரே ஏற்றால், சிகிச்சை இல்லாதபோது உயிருக்கே ஆபத்து. ஆனால் அதே 4 கிரே நீரின் வெப்பநிலையை உயர்த்துவது ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. இவ்வளவு சிறிய ஆற்றல் இவ்வளவு பெரிய கேட்டை எப்படி விளைவிக்கிறது என்ற கேள்விக்கு விடை நானோ அளவில்தான் இருக்கிறது. 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு நீர்க்கோளத்தைக் கற்பனை செய்து அதன் நிறையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 கிரே ஏற்பில் அந்தக் கோளத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 0.003 எலக்ட்ரான் வோல்ட், அதாவது எந்தப் பிணைப்பையும் அசைக்கப் போதாத ஆற்றல். ஆனால் உண்மையில் அப்படி யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு நிகழ்வில் 100 எலக்ட்ரான் வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ முப்பதாயிரம் கோளங்களில் ஒன்றுக்கு அது முழுமையாகக் கிடைக்கிறது, மற்றவற்றுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை; கிடைத்த அந்த ஒரு கோளத்துக்குள் ஏற்பளவு சுமார் முப்பதாயிரம் கிரே. இந்தக் கணக்கை ஒருமுறை சொந்தக் கையால் போட்டவர், நானோ அளவில் சராசரி ஏற்பளவு ஏன் போதாது என்பதையும், ஒரே ஏற்பளவில் காமாக் கதிரும் கார்பன் அயனியும் ஏன் வெவ்வேறு விளைவு தருகின்றன என்பதையும் எந்தப் பாடநூலின் துணையும் இல்லாமல் விளக்கிவிடுவார்.

நீரின் கதிர்வீச்சு வேதியியலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் குறைவு. காமாக் கதிர்வீச்சில் ஒவ்வொரு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சுமார் 2.7 ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் நீரேற்றம் பெற்ற எலக்ட்ரான்களும் (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும் எலக்ட்ரான்கள்), அவற்றைவிடக் குறைவாக ஹைட்ரஜன் அணு, ஹைட்ரஜன் மூலக்கூறு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையும் உருவாகின்றன. நீரேற்றம் பெற்ற எலக்ட்ரான் ஒரு கற்பனைப் பொருளல்ல. சுமார் 720 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் அதன் நிறமாலை 1962இல் பதிவானது. எண்களைவிட முக்கியமானது, அடர்த்தியாக அயனியாக்கும் துகளின் தடத்தில் தனி உறுப்புகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் பிறப்பதால், பரவிச் செல்லும் முன்பே தங்களுக்குள் வினைபுரிந்து மூலக்கூறு விளைபொருள்களாக மாறிவிடுகின்றன என்பது. உயிரணுவுக்குள் ஹைட்ராக்சில் தனி உறுப்பு சில நானோமீட்டர் தொலைவுக்கு மேல் பிழைத்துச் செல்வதில்லை, ஆகவே டி.என்.ஏ.வைத் தாக்குவது அதற்கு மிக அருகில் பிறந்த தனி உறுப்புகள்தான்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு பகுதி, தாழ் ஆற்றல் எலக்ட்ரான்கள். உயர் ஆற்றல் கொண்ட எந்தத் துகளும் தன் பாதையில் ஏராளமான இரண்டாம் நிலை எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவற்றில் பெரும்பாலானவை சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றல் உடையவை. அயனியாக்கப் போதாத எலக்ட்ரான் தீங்கற்றது என்று கருதத் தோன்றும். ஆனால் கனடாவில் லியோன் சான்ஷ் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை, 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் டி.என்.ஏ.வில் ஒற்றை இழை முறிவையும் இரட்டை இழை முறிவையும் ஏற்படுத்துவதைக் காட்டியது. எலக்ட்ரான் மூலக்கூறில் தற்காலிகமாக ஒட்டி, நிலையற்ற எதிர் அயனி ஒன்றை உருவாக்குகிறது. அந்த அயனி எலக்ட்ரானை மீண்டும் உமிழ்வதற்குள் பிணைப்பு நீண்டு அறுந்துவிட்டால் முறிவு நிலைத்துவிடும். விளைவு ஆற்றலோடு சீராகக் கூடாமல் குறிப்பிட்ட ஆற்றல்களில் உச்சம் காட்டுவதற்குக் காரணம், குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டுமே எலக்ட்ரான் இப்படி ஒட்டிக்கொள்ளும் இந்த ஒத்ததிர்வுதான். இதே இயங்குமுறை, எலக்ட்ரான் கற்றையால் நானோ கட்டமைப்புகளைப் படியவைக்கும் தொழில்நுட்பத்திலும், 13.5 நானோமீட்டர் புற ஊதா ஒளியால் சில்லுகளில் வடிவம் பொறிக்கும் முறையிலும் பங்கு வகிக்கிறது. பின்னதில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 92 எலக்ட்ரான் வோல்ட். சில்லின் மேல் பூசப்படும் ஒளியுணர் பூச்சில் வேதி மாற்றத்தைச் செய்வது பெரும்பாலும் அது விடுவிக்கும் எலக்ட்ரான்கள்தான். இப்படி ஒரு இயங்குமுறையை மருத்துவத்திலிருந்து மின்னணுவியல் வரை இழுத்துச் சென்று விளக்கக்கூடியவரைத் தேர்வாளர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

நானோ பொருள்களுக்கு வரும்போது, கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு கிராஃபீனுடையது. ஓர் எலக்ட்ரான் நேருக்கு நேர் மோதும்போது கார்பன் அணுவுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச ஆற்றலைக் காண, எலக்ட்ரானின் இயக்க ஆற்றலின் இருமடங்கை, அந்த இயக்க ஆற்றலுடன் எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றலின் (அதன் நிறைக்கு ஈடான ஆற்றலின்) இருமடங்கைக் கூட்டிய தொகையால் பெருக்கி, கார்பன் அணுவின் ஓய்வு ஆற்றலால் வகுக்க வேண்டும். நுண்ணோக்கியில் எலக்ட்ரானை முடுக்கும் மின்னழுத்தம் 80 கிலோ வோல்ட்டாக இருந்தால் 15.8 எலக்ட்ரான் வோல்ட் வரும். 100 கிலோ வோல்ட்டில் 20.1, 200 கிலோ வோல்ட்டில் 43.7. கிராஃபீன் தளத்திலிருந்து ஓர் அணுவை வெளியேற்றத் தேவைப்படுவது ஏறத்தாழ 21 முதல் 22 எலக்ட்ரான் வோல்ட். கிராஃபீனைப் படம்பிடிக்க 80 கிலோ வோல்ட் ஏன் விரும்பப்படுகிறது என்பது இதிலிருந்தே புலனாகும். ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. இந்தக் கணக்குப்படி 100 கிலோ வோல்ட்டில் அணுக்கள் தளத்திலேயே தங்கிவிட வேண்டும், ஆனால் நடைமுறையில் அவை வெளியேறுகின்றன. அணுக்கள் அசையாமல் இருப்பதில்லை. எலக்ட்ரான் மோதும் கணத்தில் அணு அதே திசையில் அதிர்ந்துகொண்டிருந்தால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் கூடுகிறது. தளத்தின் ஓரத்தில் இருக்கும் அணுக்களுக்கோ பிணைப்புகள் குறைவு என்பதால், தளத்தின் நடுப்பகுதி தாங்கும் நிலையிலும் ஓரம் அரிக்கப்படுகிறது.

இதைப் படித்தவுடன் மின்னழுத்தத்தைக் குறைத்தால் எந்த மாதிரியும் பிழைக்கும் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. உலோகத்திலும் கிராஃபீனிலும் எலக்ட்ரான் கிளர்வு உடனே பரவித் தணிந்துவிடுவதால் நேரடி மோதல்தான் முதன்மைச் சேதம். புரதம், பாலிமர் போன்றவற்றில் கிளர்வு ஒரே பிணைப்பில் தங்கி அதை உடைத்துவிடுகிறது. எலக்ட்ரானின் வேகம் குறையும்போது இந்தக் கிளர்வுக்கான வாய்ப்பு கூடும், ஆகவே மின்னழுத்தத்தைக் குறைத்தால் ஓர் எலக்ட்ரானால் விளையும் சேதம் அதிகரிக்கிறது. உயிரியல் மூலக்கூறுகளைக் குளிரூட்டிப் படமெடுக்கும் முறையில் 300 கிலோ வோல்ட் பரவலாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மின்னழுத்தத்தில் ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்) ஓர் எலக்ட்ரான் என்பது சுமார் 3.8 மெகா கிரே. எக்ஸ் கதிர்ப் படிகவியலில் 100 கெல்வினில் வைக்கப்பட்ட புரதப் படிகத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்ச வரம்பு 30 மெகா கிரே. மனிதருக்கான 4 கிரேயையும் இந்த எண்களையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டால், சேதம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு அமைப்பிலும் எவ்வளவு வேறுபட்ட அர்த்தம் இருக்கிறது என்பது தெரியும். குளிர்விப்பதால் பிணைப்பு முறிவது நிற்பதில்லை. முறிந்த துண்டுகள் நகர்ந்து போவதுதான் தடைபடுகிறது. புரதங்களில் இரு கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் முன்னதாகவே அறுபடுகின்றன என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கனமான துகள்கள் உண்டாக்கும் மோதல் அடுக்குக்கு (மோதப்பட்ட அணு அடுத்த அணுவை, அது அடுத்ததை என்று தொடரும் மோதல்கள்), 1975இல் முன்வைக்கப்பட்ட எளிய சூத்திரம் போதும்: சேத ஆற்றலை (மோதல்களில் அணுக்களுக்குச் செல்லும் ஆற்றலை) இடப்பெயர்வு ஆற்றலின் (ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்கத் தேவையான ஆற்றலின்) இருமடங்கால் வகுத்து 0.8ஆல் பெருக்குவது. இரும்பில் இடப்பெயர்வு ஆற்றலை 40 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 100 இடப்பெயர்வுகள் வரும். ஆனால் சில பிகோ விநாடிகளில் அவற்றில் பெரும்பகுதி தாமாகவே ஒன்றுசேர்ந்து மறைந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நானோ கட்டமைப்பின் கவர்ச்சி இங்கேதான் வருகிறது. படிக மணிகள் சிறியவையாக இருந்தால், மிஞ்சிய காலியிடங்களும் இடைச்செருகல் அணுக்களும் (இடம் பெயர்ந்து மற்ற அணுக்களுக்கிடையே சிக்கியவை) மணியின் எல்லையை அடைந்து அழிந்துபோக அதிக வாய்ப்பு உண்டு. அதை வைத்து நானோ பொருள்கள் எல்லாமே கதிர்வீச்சைத் தாங்கும் என்று எழுதும் கட்டுரைகளை நான் சற்று ஐயத்தோடுதான் படிக்கிறேன். கதிர்வீச்சுக்கு உள்ளாகும்போதே மணிகள் வளர்ந்து எல்லைகள் குறைந்துபோகலாம். நுண்துளைகள் கொண்ட பொருளில் இழைகள் மிக மெல்லியவையாக இருந்தால் ஒரே மோதல் அடுக்கு இழையை உருக்கித் துண்டித்துவிடும், மிகத் தடித்தவையாக இருந்தால் அது சாதாரணத் திண்மப் பொருள் போலவே நடந்துகொள்ளும். மோதல் அடுக்கின் அளவையும் கட்டமைப்பின் அளவையும் ஒப்பிடாமல் விடை சொல்ல முடியாது.

தங்க நானோ துகள்களைப் பற்றிய கேள்வி ஏறக்குறைய எப்போதும் வரும். தங்கத்தின் ஆக உள்ளே இருக்கும் கூட்டின் எலக்ட்ரானை வெளியேற்ற 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் தேவை. கிலோ வோல்ட் எக்ஸ் கதிர்களைத் தங்கம் திசுவைவிடப் பல மடங்கு உறிஞ்சுவதும், பின்னர் ஓஷே எலக்ட்ரான்களை (உட்கூட்டின் காலியிடம் நிரம்பும்போது வெளியேறும் தாழ் ஆற்றல் எலக்ட்ரான்களை) அருகிலேயே சொரிவதும் அடிப்படை விளக்கம். 2004இல் எலிகளில் 1.9 நானோமீட்டர் துகள்களும் 250 கிலோ வோல்ட் எக்ஸ் கதிரும் சேர்த்துச் செய்யப்பட்ட சோதனை இந்தத் துறைக்கு வேகம் கொடுத்தது. மெகா வோல்ட் கற்றைகளில் உறிஞ்சல் வேறுபாடு குறைந்துவிடுவதால் கணக்கு சிறிய ஆதாயத்தையே தருகிறது. இருந்தும் சில உயிரணுச் சோதனைகளில் அதைவிட அதிகமான விளைவு தென்பட்டதால், துகளின் மேற்பரப்பு வேதியியலையும் உயிரணுவின் எதிர்வினையையும் சேர்த்துப் பேச வேண்டியுள்ளது. இயற்பியல் விளக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

கணினி உருவகப்படுத்துதலைப் பொறுத்தவரை, எந்த மென்பொருளும் எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும். அயனிகளின் ஊடுருவலைக் கணக்கிடும் ஸ்ரிம், பொருளை ஒழுங்கற்ற அமைப்பாகவே கருதுகிறது. படிகத்தின் வழிகளில் அயனி நழுவிச் செல்வதும், குறைபாடுகள் பின்னர் ஆறுவதும் அதில் இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும்போது நான் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தினேன்: துகள், ஆற்றல், மொத்த ஏற்பளவு, ஏற்பளவு வீதம், வெப்பநிலை, சுற்றியுள்ள வாயு, மாதிரியின் தடிமன். ஒரே ஏற்பளவை வேகமாகவும் மெதுவாகவும் கொடுத்தால் குறைபாடுகளுக்கு ஆறக் கிடைக்கும் நேரம் மாறுகிறது. ஆக்சிஜன் இருந்தால் பாலிமரின் முறிந்த முனைகள் மீண்டும் இணையாமல் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. ஏற்பளவு வீதத்தை வெளிப்படையாகத் தராத கட்டுரைகள் ஏராளம். அப்போது கற்றையின் மின்னோட்டத்திலிருந்தும் பரப்பிலிருந்தும் நீங்களே கணக்கிடுங்கள்: 1 நானோ ஆம்பியர் எலக்ட்ரான் கற்றை 1 மைக்ரோமீட்டர் விட்டத்தில் விழுந்தால், ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு விநாடிக்குச் சுமார் 80 எலக்ட்ரான்கள். மின்னோட்டமும் பரப்பும்கூடத் தரப்படாத கட்டுரையின் முடிவுகளை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது என்பதால், அவற்றை அட்டவணைக்கு வெளியே வைத்துவிடுவதே நல்லது.