கீழக்கரை வீட்டில் தண்ணீர் இணைப்புள்ள குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்திய அனுபவம்

கதவிலேயே குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் தரும் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் கீழக்கரையில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு வாங்கினோம். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் போகின்றன என்பதால், அது வந்து இறங்குவதற்கு முன்பே கையேட்டைப் படித்துவிட்டேன். நல்ல எர்த் உள்ள தனி பிளக் பாயிண்டும், 1.4 முதல் 8.3 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தமுள்ள குடிநீர்க் குழாயும் வீட்டில் தயாராக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் அது எழுதப்பட்டிருந்தது. எங்கள் கடற்கரையில் இவ்விரண்டையும் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பெட்டியை இணைப்பது மிகச் சிறிய வேலை.

முதலில் எர்த். எங்கள் பக்கத்தில் ஷாக் அடிக்காமலிருக்கச் செருப்புப் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. என் உம்மாவுக்கும் இருந்தது. எர்த் சரியில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, செருகும்போது அது முதலில் தொட்டுக் கழற்றும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே. ஆனால் அந்த முள்ளிலிருந்து போகும் கம்பி மண்ணைச் சென்று சேர்கிறதா என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது. எலக்ட்ரீசியன் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) கொல்லைப்புறத்து எர்த் குழியைத் திறந்தபோது, ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பொடியாக உதிர்ந்தது. “உப்பு மண்ணு கரண்ட நல்லாத்தான் கடத்தும் தம்பி, ஆனா இரும்பத் தின்னுரும்” என்றார் அவர். ஆகையால் செம்பு பூசிய கம்பியை ஈரமண் வரை இறக்கினார். வழக்கமாகக் குழியில் கொட்டும் உப்பைத் தவிர்த்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண்ணால் நிரப்பினார். பிறகு எர்த் டெஸ்டரில் அளந்து, மின்தடை ஐந்து ஓமுக்குள் வந்த பின்பே மூடினார்.

பெட்டிக்கென்று தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை இழுத்தோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையேடு தடுத்திருந்தது. துபாயிலிருந்து வந்த சாமான்களுக்காக எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும் அடாப்டர்களும் எனக்கு அதே வகையில்தான் சேரும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, பொருத்தப்பட்டது. எம்.சி.பி. கூடுதல் சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே பார்த்துக்கொள்ளும்; உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ கசியும் சிறிய மின்சாரம் அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. வந்ததிலிருந்து தண்ணீர் மோட்டாரைப் போடும்போதெல்லாம் வீடே இருண்டது. அதைக் கழற்றிவிடும்படி சொன்னவர்கள் உண்டு. காக்கா ஒத்துக்கொள்ளாமல் தேடிப் பார்த்ததில், மோட்டாருக்குப் போகும் வயரின் வெளிப்புற இணைப்பு ஒன்று கடற்காற்றில் பச்சை பூத்து, சுவரின் ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை காலமாகக் கசிந்ததோ! அதைச் சீர்செய்த பின் தொல்லை நின்றது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தான் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த்தே இல்லாத வீட்டிலும் அதை அழுத்தினால் ட்ரிப் ஆகும்.

தண்ணீரில் சிக்கல் இரண்டு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், ஒற்றை மாடி வீட்டின் மேல்தொட்டியால் 1.4 பாரைத் தர இயலாது. அழுத்தம் குறைந்தால் பனிக்கட்டிகள் சிறுத்துப் போகும், வால்வும் சரியாக மூடாமல் சொட்டலாம். அடுத்தது உப்பு. பெட்டிக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினையும் நாற்றத்தையும் நீக்குமே தவிர, கரைந்த உப்பைத் தொடாது. இந்தியத் தரநிலை குடிநீருக்கு ஏற்கத்தக்கதாகச் சொல்லும் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலிய திடப்பொருள்கள்) அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். எங்கள் கிணற்று நீரில் அது இதைவிட மிக அதிகம். எனவே காவிரிக் கூட்டுக் குடிநீரை ஆர்.ஓ.வில் சுத்திகரித்து, அதன் தொட்டியிலிருந்து சிறிய பிரஷர் பம்ப் வழியாகக் கொண்டுவந்தோம்.

கால் அங்குலக் குழாயைச் சாய்வில்லாமல் நேராக வெட்டி, இணைப்பானில் இறுதிவரை அழுத்தி, இழுத்துப் பார்த்தோம். கைக்கு எட்டும் இடத்தில் தனி வால்வு வைத்தோம். பெட்டியை முன்னால் இழுக்கும் அளவுக்குக் குழாயில் மிச்சம் விட்டு, பிளக் பாயிண்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனோம். மின்கம்பி பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கினால், அதன் மேல் விழும் நீர் பாயிண்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். குளிரூட்டும் வாயு தீப்பற்றும் ஆர்600ஏ வகை என்பதால், பின்புறக் குழாய்கள் நசுங்காதபடி பெட்டியை மெதுவாகத் தள்ளினோம்.

மின்சாரம் கொடுக்காமலேயே வால்வைத் திறந்து, இணைப்புகளின் கீழே காகிதம் விரித்து இரவு முழுவதும் விட்டோம். காலையில் காகிதம் உலர்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். கார்பன் தூள் போகும்வரை தொடக்கத்தில் வந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றினோம். முதல் நாள் பனிக்கட்டியையும் கொட்டிவிட்டோம். ஊருக்குப் போகும்போது பனிக்கட்டி தயாரிப்பை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடிவிட்டுச் செல்கிறோம்.