‘பெரியவங்க யாரும் வரலையா?’: 19 வயது அப்பாவோடு அலைந்த நான்கு மாதம்

என் தம்பிக்கு 19 வயது. நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட் கழுவுகிற இடத்தில் வேலை. நடு ராத்திரி 1 மணிக்குப் போனால், லோடு மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பி அவன் வீடு திரும்ப விடிந்துவிடும். அவனை நம்பி ஒரு பெண் ஐந்து மாத வயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 18 வயது 7 மாதம். இந்த வயதுக் கணக்குதான் எங்களை அலைக்கழித்தது.

கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கொடுக்கிற பிக்மி எண் போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஆதாரில் பிறந்த வருடம் ஒன்று தள்ளிப் பதிவாகியிருந்தது. அதன்படி அவளுக்கு 17. “18 ஆகலைன்னா நாங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும்மா” என்றார் செவிலியர். அவர் மேல் தப்பில்லை, போக்சோ சட்டம் அப்படித்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருந்தால் தீர்ந்துவிடும். ஆனால் அது பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில், அவளோடு பேச்சை முறித்துக்கொண்ட அவள் அப்பாவின் பெட்டியில் இருந்தது.

ஊட்டி, கூடலூர், பந்தலூர் என்று மூன்று பஸ் மாறித் தம்பி போனான். முதல் தடவை கதவே திறக்கவில்லை. நாள் முழுக்க வீண், ஒரு நாள் கூலியும் போச்சு. அடுத்த வாரம் மறுபடி போனான். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்த நேரம், அவள் அம்மா கதவை ஒரு சாண் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டிவிட்டுச் சாத்திக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே மார்க் ஷீட் இருந்தது. கூடவே மகளுக்குக் குழந்தையில் போட்ட தடுப்பூசி அட்டையையும் வைத்திருந்தார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பெண்ணுக்கு நிஜமாகவே 18 ஆகவில்லை என்றாலும், போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்த வயதில் ரத்தசோகையும் பிரஷரும்தான் பெரிய ஆபத்து. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

அப்புறம் உறவுக்காரர்கள். “கோயிலில் வைத்து ஒரு தாலியைக் கட்டிவிடு” என்று சொல்லாத ஆள் இல்லை. தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். பையனுக்கு 21 ஆகவில்லை என்றால், 2006ஆம் வருடச் சட்டப்படி அதுவும் குழந்தைத் திருமணம்தான். நடத்தி வைக்கிறவர்களுக்கு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். 21 முடியட்டும், பதிவு அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் கிடைக்கவில்லை. அதற்கு 19 நிறைந்திருக்க வேண்டுமாம். ஊட்டச்சத்து யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்கே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கன்வாடி சத்துமாவுக்கு இந்தத் தடை இல்லை, கேட்டு வாங்குங்கள்.

இதைவிட என்னை வருத்தியது தம்பியை நடத்திய விதம். எந்தக் கவுன்டரில் நின்றாலும் “நீ யாருப்பா? பெரியவங்க யாரும் வரலையா?” என்ற கேள்விதான். ஸ்கேன் எடுக்கும்போது வெளியே, டாக்டர் பேசும்போதும் வெளியே. எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன், ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 100 கிராம். அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது நான் எழுந்தேன். வார்டில் இருந்த நர்ஸ் அக்கா, “அப்பா எங்கே? அவரைக் கூப்பிடுங்க” என்றார். இத்தனை மாதத்தில் அவனை அப்பா என்று ஒருவர் சொன்னது அப்போதுதான்.

ஸ்வெட்டரும் குல்லாவுமாக வராந்தாவில் நின்றவன் உள்ளே வந்தான். முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கேரட் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்கள். “சில்லுன்னு இருக்கு தம்பி, முதல்ல கையைச் சூடாக்கு” என்றார். தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினான். சட்டையைக் கழற்றி உட்கார வைத்து, குழந்தையை அவன் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் அவன் அசையவே இல்லை. எட்டு நாள் இப்படித்தான், வேலைக்குப் போய்விட்டு நேராக வார்டுக்கு வந்துவிடுவான். உங்கள் வீட்டுக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தால், அப்பாவும் இதைச் செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது.

கடைசியாகப் பிறப்புச் சான்றிதழ். கல்யாணப் பத்திரம் இல்லை என்றதும், அப்பா பெயரை விட்டுவிடலாம் என்றார் எழுத்தர். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த பிறகு, மேலதிகாரி பார்த்துச் சேர்க்கச் சொன்னார். 21 நாளுக்குள் பதிந்துவிட்டதால் அபராதம் இல்லை. வந்த சான்றிதழில் இனிஷியல் தப்பு, அதற்கு இன்னொரு நடை. நேற்றுதான் சரியானது கையில் கிடைத்தது. அதை அந்தப் பந்தலூர் கவரிலேயே போட்டு வைத்திருக்கிறான். குழந்தை இப்போது 3 கிலோ 200.