கிரான்வில்

"கிரான்வில், ஒரு போத்தல் பால் எடு பார்ப்பம்" என்று அந்தக் கிழவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் இங்கிலாந்தின் டொன்காஸ்டருக்கு வந்து மூன்று கிழமை. வரிசையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதுதான் சுட்டது. என் பெயர் அவர்கள் வாயில் நுழையாது, சரி. அதற்காகக் கேட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு பெயர் வைத்துவிடுவதா? அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீழே கடை, மேலே வீடு. விடிய ஐந்தரைக்குப் பேப்பர்க் கட்டு அவிழ்ப்பதில் தொடங்கி இரவு பத்துக்கு ஷட்டர் இழுக்கும்வரை நாங்கள் இருவரும்தான்.

ஒரு கிழமை கழித்து அந்தக் கிழவரே ஒரு டிவிடியைக் கவுண்டரில் வைத்தார். 'ஓப்பன் ஆல் அவர்ஸ்', 1976இல் பிபிசியில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர். பார்த்துவிட்டுப் பிறகு கோபப்படு என்றார். என் முகத்தை வாசித்திருக்கிறார் மனிதர்.

யோர்க்ஷயரில் ஒரு மூலைக்கடை. முதலாளி ஆர்க்ரைட், கஞ்சன். அந்த வேடத்தில் ரோனி பார்க்கர். சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் கிரான்வில், அவருடைய அக்கா மகனோ தங்கை மகனோ, ஆக மொத்தம் மருமகன். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'அங்கிள்'தான். எனக்கோ முதல் காட்சியிலேயே விளங்கிவிட்டது: இது தாய்மாமன் கடை! அந்த உரிமையும் அந்த அதட்டலும் வேறு எந்த உறவில் வரும்?

அப்புறம் அந்தக் காசு லாச்சி. ஆர்க்ரைட் காசைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கும் முன்னரே 'டக்' என்று மூடிக்கொள்ளும். நாய் வாயிலிருந்து எலும்பை எடுப்பதுபோல் ஒவ்வொரு தடவையும் விரலை இழுத்துக்கொள்வார். தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிய, யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் தாத்தாவின் கடை லாச்சி கண்ணில் வந்து நின்றது. மூன்று சிரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சில்லறை. மண்ணெண்ணெயும் செத்தல் மிளகாயும் கலந்த அந்த மணம். இங்கே எந்தக் கடையிலும் அது இல்லை.

கிரான்வில்லாக நடித்த டேவிட் ஜேசனை அதற்குப் பிறகு விடவில்லை, தேடித் தேடிப் பார்த்தேன். 1940இல் வட லண்டனில் பிறந்தவர். அப்பா மீன் சந்தையில் வேலை செய்தவர். இவர் மின்சார வேலை பழகி, அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். 'பொரிட்ஜ்' தொடரில் கிழக் கைதியாக வருகிறார். அப்போது வயது முப்பத்தைந்து. அடுத்த வருடமே கடைப் பையன். மாமாவாக நடித்த பார்க்கர் இவரைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். கிழவனும் பையனும் ஒரே உடம்பில்! நடிப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஊர் முழுக்கக் கொண்டாடுவது 1981இல் தொடங்கிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்ஸஸ்' தொடரில் அவர் நடித்த டெல் பாயை. பாரில் தூக்கிவைத்திருக்கும் பலகையைக் கவனிக்காமல் சாய்ந்து, வெட்டிய வாழைபோல் பக்கவாட்டில் சரிவாரே, அந்தக் காட்சியை இங்கே தெரியாதவர் இல்லை. விழும்போது கையை ஊன்றவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. 1996 நத்தார் காலத்தில் அந்தத் தொடரின் ஒரு பகுதியை 2 கோடி 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்கிறார்கள். 1992 முதல் 'ஃப்ரொஸ்ட்' என்ற துப்பறியும் தொடரிலும் பல வருடம் நடித்தார். இருந்தாலும் என் கணக்கில் கிரான்வில்தான் மேல். பால் கொண்டுவரும் பெண் போன பிறகு, விளக்குமாற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று வீதியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எங்கேயோ போயிருக்க வேண்டியவனின் பார்வை அது.

கடையின் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது இதே டொன்காஸ்டரில், பால்பியில். அது உண்மையில் ஒரு சலூன். படப்பிடிப்பு வந்தபோது மட்டும் கடையாக மாறியது. 2013இல் தொடர் புதிதாகத் தொடங்கியபோது நான் போய்ப் பார்த்தேன். வாசலில் மரக்கறிப் பெட்டிகள், சுவரோடு சைக்கிள். கடைக்கார மண்ணிறக் கோட்டுடன் எழுபத்து மூன்று வயது டேவிட் ஜேசன். பார்க்கர் 2005இல் போய்விட்டார். புதுத் தொடரில் கடை கிரான்வில்லுடையது, அதட்டு வாங்குவது அவருடைய மகன்.

நத்தாருக்கு அடுத்த நாள் அதை ஒளிபரப்பினார்கள். மாமாவும் நானும் மேலே இருந்து பார்த்தோம். லாச்சி அப்போதும் விரலைக் கடித்தது. மாமா சிரிக்கவில்லை.

"ஐயா செத்த அண்டைக்கும் நான் கடை திறந்துதான் வைச்சிருந்தனான்" என்றார். "போக விசா இல்லை. பூட்டிப்போட்டு இருந்து என்ன செய்யிறது?"

ஐயா என்றால் என் தாத்தா. பதினெட்டு வருடமாக இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது எனக்கு எல்லாம் பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது. வருகிறவர்கள் 'லவ்' என்று கூப்பிட்டால் நானும் 'லவ்' என்கிறேன். கிரான்வில் என்றால் திரும்பிப் பார்க்கிறேன். நேற்றிரவு உருளைக்கிழங்குப் பெட்டியை உள்ளே தூக்கி வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தேன். பாதியில் இறுகி நின்றது.

"ஐயான்ர கடையில ஏழாம் பலகை இப்பிடித்தான் இறுகும்" என்றார் மாமா. தாத்தாவின் கடைக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கும்.

"எட்டாம் பலகை மாமா."

"ஏழுதான்ரா. நான் பூட்டினனான்."

"நானும்தான் பூட்டினனான். எட்டு."

அரை ஷட்டருக்குக் கீழே, மழைத் தூறலில், இருவரும் நெடுநேரம் அதையே கதைத்துக்கொண்டு நின்றோம்.