நாலு மணி மழைக்கு முன்னால்: பெங்களூரு மொட்டை மாடியில் கூழ் வடாம்

ஓமப்பொடி அச்சில் பிழிந்த கூழ் வடாம், இந்தத் தடவை மூன்று அரைநாள் வெயிலிலேயே படக்கென்று ஒடியும் பதத்துக்கு வந்துவிட்டது. இடையில் சாயங்கால மழையும் பெய்தது. எண்ணெயில் போட்டதும் வெள்ளை வெளேரென்று விரிந்தது. நடுவில் கல் மாதிரி எதுவும் நிற்கவில்லை. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பெங்களூரில் வடாம் போடுவது வீண் வேலை, மூணு மணிக்கே மேகம் கூடிவிடும் என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இந்த ஊர் வெயில் வடாமுக்குத் தாராளமாகப் போதும். கூழில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், அடிப்பக்கமும் காற்றுப்பட வேண்டும், அவ்வளவுதான்.

வெயிலைப் பற்றி முதலில். பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த நாட்களை ஒட்டிய காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரையான வெயில் சாதாரண வெயில் அல்ல. காற்றிலும் சென்னையின் பிசுபிசுப்பு இல்லை. குறை ஒன்றுதான்: நாள் பாதியில் முடிந்துவிடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட மாடித் தரை சுடும். அங்கே வடாமுக்கு அடியிலிருந்தும் சூடு கிடைக்கிறது. அங்கிருந்து வரும் அளவுகளை அப்படியே இங்கே பின்பற்றினால், ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரை, நாலு பங்கு தண்ணீர் என்று கூழ் நீர்த்துப்போகும். முதல் நாள் இரண்டு மணிக்கு மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மழைக்கு உள்ளே தூக்கிப்போனால் ராத்திரி புளித்து வாடை வரும், மறுநாள் பூசணம் பூக்கும். பழி மழை மேல் விழும்.

அளவு இது. 200 மில்லி டம்ளரால் நாலு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் மாவு ஜவ்வரிசி, மொத்தமாகப் பத்து டம்ளர் தண்ணீர். அந்தப் பத்தில் மூன்று அரைக்க, ஒன்று ஜவ்வரிசி ஊற, மீதி ஆறு கொதிக்க. அரிசி ஊறும்போது குடிக்கும் நீர் இதில் சேராது. அதனால் ஊறிய அரிசியை வடிதட்டில் பத்து நிமிஷம் நன்றாக வடியவிட்டு அப்புறம் அரையுங்கள். ஈரம் சொட்டச் சொட்ட அள்ளிப் போட்டால் அரை டம்ளர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போய்விடும்.

அரிசி பழைய அரிசியாக இருக்க வேண்டும். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் சோனா மசூரி பச்சரிசியே போதும், ஆனால் புது அரிசியில் கூழ் கொழகொழத்துப் போகும். ஜவ்வரிசியில் நைலான் ஜவ்வரிசி வேண்டாம், அது பாயசத்துக்கு. வெள்ளையாக, மாவு ஒட்டியது போல இருக்கும் மாவு ஜவ்வரிசிதான் கரைந்து அரிசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சேலத்துச் சரக்கு என்று கேட்டால் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் பக்கத்திலும் காந்தி பஜாரிலும் கடைக்காரர்களுக்குத் தெரியும். அல்சூர் மார்க்கெட்டில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். 2021 ஊரடங்கில் ஏப்ரல் 27-லிருந்து கடை காலை 6 மணி முதல் 10 மணி வரைதான் திறந்திருந்தது. அதுவே வடாம் பிழியும் நேரம். ஆகவே எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய் உள்பட எல்லாம் முந்தின நாளே வீட்டில் இருக்கட்டும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோதும் சரி, 2021-லும் சரி, மற்ற நாளிலும் சரி, மாவு மிஷினைத் தேடிப் போகாமல் வீட்டு கிரைண்டரிலேயே அரைப்பதுதான் நல்லது. மிஷின் மாவைவிட வெண்ணெய் போல அரைபடும். இரவெல்லாம் வைத்தால் லேசான புளிப்பும் ஏறும்.

மிளகாய் பன்னிரண்டு, காரம் வேண்டுமானால் பதினைந்து. பொடித்த கல்லுப்பு இரண்டரை டீஸ்பூன் சேர்த்து மிளகாயை அரைத்து, கண்டிப்பாக வடிகட்டுங்கள். ஓமப்பொடி அச்சின் கண்ணில் ஒரு மிளகாய் விதை சிக்கினால் போதும், அந்த வரிசை முழுக்க நின்றுவிடும். சீரகமும் அப்படித்தான், பொடித்துத்தான் போட வேண்டும். கூழை ருசி பார்த்தால் உப்புக் குறைவாகத்தான் தெரிய வேண்டும். தண்ணீர் போனபிறகு உப்பு மட்டும் மிச்சமிருக்கும். கூழில் சரியாக இருந்த உப்பு, பொரித்த வடாமில் கரிக்கும்.

இனி கூழ் கிளறுவது. முழு வேலையின் உயிர் இங்கேதான்.

அடிகனமான பாத்திரத்தில் ஆறு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஊறிய ஜவ்வரிசியை அது ஊறிய தண்ணீரோடு விட்டு, முத்து கண்ணாடி போல ஆகும்வரை வேகவிட வேண்டும். அப்புறம் மிளகாய் உப்புக் கரைசல், கரைத்த கட்டிப் பெருங்காயம். தீயைத் தணித்துக்கொண்டு மாவை நூல் போல ஊற்றியபடி ஒரே பக்கமாகக் கிளறவும். ஐந்து நிமிஷத்தில் கை வலிக்கிற அளவுக்கு இறுகும். பெரும்பாலானவர்கள் அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். இறுகிவிட்டது, ஆனால் வேகவில்லை. பாதி வெந்த கூழ் சுண்ணாம்பு மாதிரி மங்கின வெள்ளையாக இருக்கும், கரண்டியிலிருந்து பிட்டுப் பிட்டு விழும். வெந்த கூழில் ஒரு பளபளப்பு வரும், நிறம் லேசாக நீலம் கலந்த கண்ணாடி வெள்ளையாக மாறும். கரண்டியைத் தூக்கினால் கனமான பட்டையாக இறங்கி மடிந்து விழும். ஈர விரலால் தொட்டால் ஒட்டாது. வேகாத மாவு என்னதான் காய்ந்தாலும் எண்ணெயில் விரியாது. அப்பளக் கடைக்காரர்கள் வெயிலைக் குறை சொல்வதில்லை, வேக்காட்டைத்தான் பார்ப்பார்கள்.

தண்ணீரைக் குறைத்த கூழில் ஒரு சங்கடம் உண்டு. அடிபிடிக்காமல் பதினைந்து நிமிஷம் கிளறுவது பெரும்பாடு. போதாததற்கு, பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வேக்காடு இன்னும் மெதுவாகும். இதற்குக் குக்கர்தான் வழி. இறுகியவுடன் கூழை உள்பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் மாற்றி, மேலே தட்டு மூடி, குக்கரில் அடியில் தண்ணீர் விட்டு வைக்கவும். முதல் விசில் வந்தபின் சிறுதீயில் பத்து நிமிஷம். தட்டு மூடாவிட்டால் ஆவி நீர் கூழில் சொட்டி, அளந்து குறைத்த தண்ணீரெல்லாம் திரும்பி வந்துவிடும். குக்கர் தானாக அடங்கட்டும், அந்தச் சூட்டிலேயே மிச்ச வேக்காடு முடியும். கேஸும் மிச்சம், அடிபிடித்த பாத்திரம் தேய்க்கும் வேலையும் மிச்சம். திறந்ததும் ஒரு கிளறு கிளறி, இரண்டு எலுமிச்சம்பழம் பிழியவும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் புளிப்பும் சூடும் சேர்ந்து கூழை இளக்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு கிண்ணம் கூழை எடுத்து, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, சுடச்சுடச் சாப்பிடாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. காலைப் பலகாரத்துக்கு இதைவிடச் சிக்கனமும் ருசியுமானது வேறில்லை.

கை பொறுக்கும் சூட்டில் பிழியத் தொடங்குங்கள். ஆறிப்போனால் பிழியும் நாழியை அழுத்த முடியாது, இழை அறுந்து அறுந்து விழும். அச்சைப் பற்றி ஒரு வார்த்தை: தேன்குழல் அச்சு, முள்முறுக்கு அச்சு எல்லாம் இந்த ஊரில் சாயங்கால மழை இல்லாத டிசம்பர் கடைசி, ஜனவரிக்கு இருக்கட்டும். ஈரம் உள்ளிருந்து வெளியே வர வேண்டியிருப்பதால், தடிமன் இரண்டு மடங்கானால் காயும் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். அரைநாள் வெயிலுக்கு ஓமப்பொடி அச்சுதான் சரி. வட்டம் வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், ஒற்றை இழையாக, இடைவெளி தெரியப் பிழியவும்.

எதன்மேல் பிழிவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். பிளாஸ்டிக் ஷீட் இந்த ஊருக்கு ஆகாது; அடிப்பக்கம் வியர்த்து, இரண்டாம் நாளும் பிசுபிசுக்கும். பழைய வேட்டி பரவாயில்லை, ஆனால் உரிக்கும்போது பின்பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டும், காய்ந்ததை மறுபடி நனைத்து இன்னொரு அரைநாளைக் கேட்கும். ஜன்னலுக்கு மீட்டர் கணக்கில் விற்கும் நைலான் கொசுவலைதான் இதற்கு லாயக்கு. கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம் ஒன்று இருந்தால் அதில் வலையை விறைப்பாக இழுத்து ஆணி அடித்து, நாலு செங்கல் மேல் வைக்கவும். புது வலையை ஒரு முறை வெந்நீரில் அலசி வாடை போக்கிவிடுங்கள். மேலும் கீழும் காற்றுப் படுவதால், ஈரம் பாதித் தூரம்தான் கடக்க வேண்டும். காய்ந்ததும் வலையை அடியிலிருந்து லேசாக வளைத்தால் வடாம் டப்பென்று தானே எழும்பும், தண்ணீர் தெளிக்க வேண்டாம். எண்ணெய் தடவவும் வேண்டாம். அது டப்பாவில் சிக்கு வாடை கொடுக்கும். கூழ் நீர்த்திருந்தால் மட்டும் இழை வலைக்கண்ணில் இறங்கி மாட்டிக்கொள்ளும். பத்து டம்ளர் கணக்கு இங்கேயும் காப்பாற்றுகிறது. அலுமினிய வலை கூடாது. புளிப்பும் உப்பும் பட்டுக் கறுக்கும்.

சட்டமாக இருப்பதன் பெரிய சௌகரியம், முதல் தூறலில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடலாம். அந்த ஊரடங்குகளில் அபார்ட்மெண்ட் மொட்டை மாடிதான் எல்லோருக்கும் பார்க், நடைபாதை, குழந்தைகளின் கிரிக்கெட் மைதானம் என்று ஆகியிருந்தது. நடக்கிற வழியில் வைத்தால் தூசிதான். சோலார் ஹீட்டர் தகடுகளுக்குத் தென்பக்கம் பாருங்கள். அங்கே நிழலும் விழாது, ஆட்களும் நடப்பதில்லை. புறா கொத்தாமல் இருக்க, வடாமுக்கு மேலே இன்னொரு கொசுவலை.

மழை நாளில் உள்ளே வந்த சட்டத்தை ஃபேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு உலர்ந்த துணியால் மூடிவிடவும். மழை ஈரக் காற்றில் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பதில் லாபம் இல்லை. காலையில் தொட்டால் முந்தின நாளைவிட மெத்தென்று இருக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே இருந்த ஈரம் வெளித்தோலுக்குப் பரவியிருக்கிறது, அன்றைய வெயிலில் சுலபமாகப் போய்விடும். முதல் நாள் சாயங்காலம் உள்ளே மெத்தென்று, வெளியே இழுவையாக இருக்கும் அந்த அரைக்காய்ச்சல் வடாமுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. அதற்காகவே ஒரு ஓரத்தை ஒதுக்கிப் பிழியுங்கள், இல்லாவிட்டால் சட்டம் முழுக்க ஓட்டை விழும்.

பொரிக்கும்போது தெரியும் குறைகள்: விரியாமல் கல்லாக நின்றால் வேக்காடு போதவில்லை. எண்ணெய் தெறித்தால் உள்ளே ஈரம், இன்னும் ஒரு வெயில் வேண்டும். சிவந்து போனால் எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அல்லது மாவு அதிகம் புளித்திருக்கிறது. டப்பாவிலேயே நொறுங்கினால் ஜவ்வரிசி குறைவு.

இரண்டாவது சட்டத்து வடாம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, அதற்குள் அடுத்த வேலைக்குப் பொருள் வந்துவிட்டது. கன்னடக்காரர்கள் வீட்டில் போடும் அரளு சண்டிகைதான் அது. நெல்பொரியை நனைத்துப் பிழிந்து, துருவிய சாம்பல் பூசணி, பச்சை மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம் சேர்த்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளிவைக்க வேண்டும். அடுப்பே வேண்டாம். பூசணித் துருவலை உப்புப் போட்டு வைத்து, விடும் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் பொரியோடு சேர்ப்பதாக இருக்கிறேன். அந்தத் தண்ணீர் மோர்க்குழம்புக்கு ஆகும். கோலார் பக்கத்துச் சீனிவாசபுரத்துத் தோத்தாபுரி மாங்காய் கைவண்டியில் வரத் தொடங்கிவிட்டது. அதை விரல் தடிமனுக்கு நறுக்கி, ஒரு கிலோவுக்கு நூறு கிராம் கல்லுப்பு, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு ஜாடியில் ஊறவைத்திருக்கிறது. சட்டம் காலியானதும் அதே வலையில் மாங்காய் வற்றல்.