எட்டுக் கோப்பைத் தேத்தண்ணி

1996இல் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், உரப் பரிசோதனைக்குக் கொழுந்து நிறுத்து எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து உயர்தரம் வரை படித்தவனுக்கு அது பெரிய வேலைதான். ஆனால் மூன்றாம் வாரமே போயிருக்க வேண்டியது. ஒரு பிளாட்டின், அதாவது பரிசோதனைக்குப் பிரித்த நிலத் துண்டின், நிறுவையை எழுத மறந்துவிட்டு, பக்கத்துப் பிளாட்டைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டு வைத்தேன். எப்படித்தான் கண்டாரோ, பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்த சேர் புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது செடி சொன்ன கணக்கோ, நீர் சொன்ன கணக்கோ?"

நான் பேசவில்லை. அந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திகதி போட்டு, கையெழுத்து வைக்கச் சொன்னார். அழிக்கக் கூடாது, பிழையும் தெரிய வேண்டும் என்றார். அதோடு விட்டுவிட்டார்.

சேர் யாழ்ப்பாணத்தவர். 83 கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் இழந்து, மலைக்கு வந்து தங்கியவர். அவரிடம் கற்றதை வைத்துத்தான் இன்று வரை சோறு சாப்பிடுகிறேன். மலைச்சரிவில் மேல் மண் வேறு, அடி மண் வேறு. மேலே இருப்பதை மழை கழுவிக் கீழே சேர்த்துவிடும். மேலே ஒரு உரத்தையும் கீழே இன்னொன்றையும் போட்டுவிட்டு, கீழே கொழுந்து கூட என்று சொன்னால் உரத்துக்கு அதில் பங்கில்லை, எல்லாம் மண்ணின் வேலை. அதனால் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், பிளாட்டுகளை புளொக் புளொக்காக வகுக்க வேண்டும். புளொக்குக்குள் எந்தப் பிளாட்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். சேர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி நீட்டுவார், நான் சீட்டு எடுப்பேன். "செடியைக் குறை சொல்ல முன்னம் மண்ணைப் பாரும்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதனை மலையில் பிளாட்டுக்குப் பிளாட் நிறுத்துவிட்டுப் போவதால் பெண்களுக்கு நேரம் போய்விடும், நாள் கணக்குக்குரிய கிலோ வராது. நிர்வாகம் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப் பார்த்தது. சேர் தோட்டத்துத் தொரையோடு சண்டை பிடித்து முழுப்பேர் வாங்கிக் கொடுத்தார். பெண்களுக்காகவா, அவசரத்தில் பறித்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதற்காகவா? எனக்கு இன்றும் தெரியாது. கேட்டிருந்தால் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

இந்தக் குலுக்கல் முறையை வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919இலிருந்து இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலைய வயல்களில் வேலை பார்த்தவர். ஆய்வாளருக்கான அவருடைய புள்ளிவிபரவியல் நூல் 1925இல் வந்தது. இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதே 1925தான். ரொதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து கட்டுரை எழுதிய ஈடன் என்பவர் பிறகு இங்கே வந்து, அந்த முறையைத் தேயிலையில் போட்டுப் பார்த்தார். சேருக்கு ஃபிஷர் என்றால் சாமி படம் மாதிரி.

1999 டிசம்பர், ஜனாதிபதித் தேர்தல் மாதம். மழை விடாமல் பெய்து மலைக்குப் போக முடியாத ஒரு நாள். ஃபிஷரின் பேர்பெற்ற தேத்தண்ணிப் பரிசோதனையை ஒபிஸில் செய்து காட்டுவோம் என்றார் சேர். பாலை முதலில் ஊற்றினார்களா, சாயத்தை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு சீமாட்டி சொன்னாளாம். எட்டுக் கோப்பை, நாலு அப்படி, நாலு இப்படி, குலுக்கி வைத்துக் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எட்டும் சரியாக வர எழுபதில் ஒரு வாய்ப்பு. "ஆள் ஆரெண்டு பாக்கக் கூடாது. எட்டுக் கோப்பை என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு."

சீமாட்டிக்கு எங்கே போவது? ஒபிஸில் தேத்தண்ணி போடும் அக்காவைக் கூப்பிட்டார். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கிறவர். அடுத்த அறையில் நான் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அக்கா ஒவ்வொன்றாக முகர்ந்தார். இரண்டைத்தான் வாயிலேயே வைத்தார். நாலு கோப்பையை இந்தப் பக்கம் தள்ளினார், நாலை அந்தப் பக்கம். எட்டும் சரி.

"என்னெண்டு கண்டுபிடிச்சீர்?"

"இதென்னாங்கய்யா, கொதிக்கிற சாயத்துல பால ஊத்துனா காய்ஞ்ச வாசம் வருமில்ல."

சேர் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. நிறுவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தேர்தலுக்குத் திரும்பியது. "எல்லாருக்கும் வோட்டுக் குடுத்ததுதான் இந்த நாட்டுக்கு வந்த கேடு தம்பி" என்றார் சேர். 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது தமிழ்த் தலைவர் சேர். பொன். இராமநாதன் எதிர்த்தது சரி, அவர் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். படித்தவனுக்கு மட்டும் வோட்டு இருந்தால் தனிச்சிங்களமும் வந்திராது, சண்டையும் வந்திராது.

"1948 பிரஜாவுரிமைச் சட்டம், சேர்?"

"உங்கட ஆக்களின்ர உரிமையைப் பறிச்சது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். எங்கட ஆக்களிலயும் பாதிப்பேருக்குக் குடுத்திருக்கக் கூடாது. லயத்தில கிடக்கிற சனத்துக்கு வோட்டு என்னத்துக்கு? அது பிறப்பில வாறது தம்பி. நீர் வேற."

ஒரு இனத்தின் மேல் வெறுப்பு என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மனிதருக்கு அது கிடையாது. தன் ஊரையும் என் லயத்தையும் ஒரே தராசில் நிறுத்தார். ஒற்றை அளவாக விலகி நிற்கிற எண்ணைக் காரணம் இல்லாமல் ஒதுக்கக் கூடாது என்று சொல்லித் தந்தவர், என்னை மட்டும் அப்படி ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக் கணக்கை முடித்துவிட்டார். மேல் மண், அடி மண் என்று கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவனின் மௌனம். அதற்கு வேறு பேர் வேண்டாம்.

எங்கள் அப்பாயி 1947இல் வோட்டுப் போட்டவர். தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை வென்ற தேர்தல். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை எடுத்தது. அடுத்த ஆண்டு பிரஜாவுரிமை போனது, அதன் பின்னால் வோட்டும் போனது. அப்பாயி இரண்டாவது முறை வோட்டுப் போட்டது 1989இல். நடுவில் 42 வருடம். அந்தக் காலமெல்லாம் அவர் பறித்த கொழுந்தை யாரோ நிறுத்து எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். பழைய தொழிற்சங்கத்து ஆள் அவர். சேரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவைப் பற்றிப் பேசினார். 1940இல் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தபோது, விசாரணையில் கோவிந்தன் பெண்சாதிக்காக நின்ற வக்கீல். 1956இல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று எச்சரித்தவர். அவரே 1972இல் சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் கொடுத்த அரசியலமைப்பை ஆக்கினார். 73, 74 பஞ்சத்தில் தோட்டத்துச் சனம் பட்டினியில் சாகும்போது பெருந்தோட்ட அமைச்சரும் அவர்தான்.

"அப்ப அவர என்னான்னு சொல்றது?" என்றேன்.

"நீ ஏன்டா ஒரே பேரு வைக்கணும்ங்குற?" என்று பீடியைப் பற்றவைத்தார்.

ஃபிஷரின் மறுபக்கம் எனக்குத் தெரிய வந்தது 2020இல், கொரோனா முடக்கத்தில், போனில். கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரி, அவர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைக் கழற்றப் போவதாகச் செய்தி. ஏழுக்கு ஏழு சதுரம், ஏழு நிறம், எந்த வரிசையிலும் ஒரு நிறம் இரண்டு தரம் வராது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அப்படியொரு சதுரத்தை மலையில் கயிறு கட்டி வகுத்தவன் நான். மேலே படித்தேன். 1911இல், மாணவராக இருக்கும்போதே, 'நல்ல பிறப்பை'ப் பெருக்க வேண்டும் என்கிற சங்கத்தை அங்கே அமைத்தவர்களில் ஒருவர். 1930இல் எழுதிய பரிணாம நூலின் கடைசி அத்தியாயங்களில், மேல்தட்டுக்குப் பிள்ளை குறைவதால்தான் நாகரிகங்கள் அழிகின்றன என்கிறார்.

பெரிய மூளை, அரசியலில் மட்டும் குருடு என்று இப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபிஷருக்கு இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. நம் தொழிலும் அப்படித்தானே: ஆயிரம் செடியில் ஒரு தாய்ச்செடியைத் தெரிந்தெடுத்து, அதை வெட்டி வெட்டி மலை முழுக்க நட்டு, மீதியைப் பிடுங்கி எறிகிறோம். அந்தக் கை நாளெல்லாம் அதையே செய்து பழகிவிட்டால் லயத்தைப் பார்த்தும் நீளத்தான் செய்யும். ஆனால் ஆளைப் பாராதே, குலுக்கிப் போட்டுப் பார் என்றதும் அதே தலைதான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்றும் நான் தொப்பியைக் கழற்றிச் சீட்டுக் குலுக்குகிறேன், தாய்ச்செடியும் தெரிந்தெடுக்கிறேன்.

சேர் ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த நிறுவைப் புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். முடக்க நாளில் அதைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: எட்டுக்கு எட்டு, எழுபதில் ஒன்று. 'ஆள்' என்ற இடத்தில் 'தேத்தண்ணிக்காரி' என்று இருந்தது. அன்று பக்கத்தில் நின்று பார்த்தவன், எனக்கும் அது உறுத்தவில்லை. ஃபிஷரின் நூலிலும் அந்தச் சீமாட்டிக்குப் பெயர் கிடையாது.

அழிக்கவில்லை. அந்தச் சொல்லின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அக்காவின் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் திகதி போட்டு, கையெழுத்து வைத்தேன்.